பழைய மடிக்கணினியில் எட்டுத் தடப் பதிவு: வன்தட்டு பற்றி

பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பருக்கு வணக்கம். உங்கள் பஜனைக் குழுவை எட்டு மைக்குகளில் பதியும்போது, வட்டின் வேகம் போதவில்லை என்ற எச்சரிக்கையுடன் பதிவு பாதியில் நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ தடத்திற்கு (ஒரு மைக்கின் பதிவுக்கு) நொடிக்கு 144 கிலோபைட்தான் தேவை. எட்டுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 1.15 மெகாபைட். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. விண்டோஸும் பதிவுக் கோப்புகளும் ஒரே வட்டில் இருப்பதால், வைரஸ் தடுப்பான் எதையேனும் துழாவும் ஒவ்வொரு முறையும் வட்டில் படித்து எழுதும் முனை பதிவை விட்டுவிட்டு வேறிடத்திற்கு ஓட வேண்டியிருக்கிறது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எனவே புதிய மடிக்கணினிக்குச் செலவு செய்ய வேண்டாம். கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவில் 2.5 அங்குல சாட்டா (வட்டை இணைக்கும் முறை) எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டும் ஓடும் முனையும் இல்லாத சேமிப்பகத்தை, வாங்கி உள்ளே பொருத்திவிட்டு, பழைய வட்டை யூஎஸ்பி உறையில் போட்டு நகல் வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரப் பதிவு 4 கிகாபைட்டைச் சற்றே தாண்டும் என்பதால் 500 கிகாபைட் தாராளம். யூஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள பழைய கணினிகளில் ஒலி இடைமுகமும் (மைக்குகளைக் கணினியுடன் இணைக்கும் கருவி) வெளிவட்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளக்கூடும். ஆகையால் நேரடியாக வெளிவட்டில் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதுவரை வைஃபையை அணைத்து, பதிவுக் கோப்புறையை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். பஃபரை (ஒலித் தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவக அளவை) உயர்த்துவது செயலியின் சுமையைக் குறைக்குமே தவிர, வட்டின் தாமதத்தை அவ்வளவாகத் தீர்க்காது.