வகுப்புச் சராசரி குறைந்தால் பள்ளியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கணவரும் நானும் விசைத்தறியில் வேலை பார்க்கிறோம். எங்கள் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நான்காம் வகுப்பில் 63 ஆக இருந்த வகுப்புச் சராசரி இந்த ஆண்டு 59 ஆகிவிட்டதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். வடமாநிலப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்ததால் தரம் போய்விட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வேன் வரும் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அந்தச் சராசரியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அவர்களில் 14 பேரின் சராசரி 62, மற்ற 6 பேரின் சராசரி 66. மொத்தச் சராசரி ஏறத்தாழ 63. அந்த 6 பேரும் வேறு பள்ளிக்குப் போய்விட, அவர்கள் இடத்தில் புதிதாக 6 பேர் வந்து ஆளுக்கு 40 வாங்குகிறார்கள். பழைய 14 பேரோ 62இலிருந்து 67க்கு ஏறியிருக்கிறார்கள். இப்போது மொத்தச் சராசரி 59. எண் நான்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டும் அந்தப் பள்ளியில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் முன்னைவிட நன்றாகப் படித்திருக்கலாம். நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்பில் இருப்பதே இருபது, முப்பது பேர்தான் என்பதால், நான்கைந்து பேர் வருவதும் போவதும் சராசரியை இந்த அளவுக்குப் புரட்டிவிடும். ஆகவே தலைமையாசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இரண்டு ஆண்டும் இங்கேயே படித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடைய மதிப்பெண் ஏறியதா இறங்கியதா என்பதைத்தான்.

பனியன் கம்பெனி, விசைத்தறி, கோழிப்பண்ணை, செங்கல் சூளை என்று வேலை தேடி வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் சேர்வதும், தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்புவதும் கொங்குப் பகுதிப் பள்ளிகளில் வழக்கம். இந்தப் பிள்ளைகளின் குறைந்த மதிப்பெண்ணை நெருங்கிப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போன ஒரு பள்ளியில், ஒடியா பேசும் வீட்டிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி 408ஐ 4ஆல் வகுத்து 102 என்று சட்டென்று எழுதினாள். அதையே, 408 தேங்காயை நான்கு மூட்டைகளில் சமமாகக் கட்டினால் மூட்டைக்கு எத்தனை என்று பாடநூல் நடையில் எழுதிக் கொடுத்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளுடைய மொழியில் நான்கு தனித்தனி எழுத்துகளுக்கு உரிய ஒலிகளைத் தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து சுமக்கிறது. சொல் தெரிந்தால்தான் எழுத்தைச் சரியாக ஒலிக்க முடியும். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன் கேள்வியைத் தடங்கலின்றி வாசித்தான். விடையாக எழுதியது 12. நடுவிலிருக்கும் சுழியத்தை விட்டுவிட்டான். தேர்வுத்தாளில் இருவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் அவளுக்கு வேண்டியது தமிழ், அவனுக்கு வேண்டியது இடமதிப்பு. இதைப் பிரித்தறியும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே உங்கள் மகளுக்கும் முக்கியம்.

ஊர்ப்பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் வேன் பள்ளிக்குப் போன பிறகு அரசுப் பள்ளியில் அருந்ததியர் குடும்பங்களின் பிள்ளைகளும் வெளியூர்ப் பிள்ளைகளும் மிஞ்சும் ஊர்கள் இங்கே பல உண்டு. அங்கெல்லாம் ‘தரம்’ என்று பேசும்போது பெரும்பாலும் பேசப்படுவது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். உங்கள் மகளின் படிப்பை அந்தப் பேச்சால் அளக்காதீர்கள்.

தேர்ச்சி விழுக்காடும் உதவாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பலகை எதையும் சொல்லாது. வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கையையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் யூடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பது அதில் இருக்காது.

நான் முதலில் விசாரிப்பது ஆசிரியர் பணியிடத்தைத்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஆளுக்கொருவராகக் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவும் உண்டு. கணிதப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, பதிவேட்டில் மட்டும் இருந்துகொண்டு மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாரா என்று கேளுங்கள். இடம் காலியாக இருந்தால் அது உண்மையான குறை. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும்; அங்கே தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லலாம். ஜூன் மாதத்திற்குள் ஆள் வரவில்லை என்றால், பள்ளியை மாற்ற நினைப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அப்போதும் முதலில் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. இரண்டு ஆண்டு மெட்ரிக்கில் படிக்க வைத்து, கட்டணம் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்களுக்கு, இந்தச் சலுகைகள் கைவிட்டுப் போனது பின்னால்தான் தெரிய வருகிறது.

கடைசியாக, இன்று இரவே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லி, வாசித்ததை அவள் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு 408ஐ 4ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால் திட்ட வேண்டாம். அந்தத் தாளை அப்படியே எடுத்துப்போய் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.