ஈசிஎம் மாற்றும் முன் சென்சாரைச் சோதியுங்கள்

கேள்வி: என் பெட்ரோல் காருக்குப் பத்து வயது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, சாவியை ஆன் செய்ததுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இன்ஜின் எவ்வளவு சூடு என்று தெரியாவிட்டால், ஈசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிட்டு, பெட்ரோலை ஓர் உத்தேசக் கணக்கில் விடும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் அதனால் வரக்கூடியவை. முதல் சந்தேகம், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் மீதும் அதன் இரண்டு வயர்களின் மீதும்தான்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினில் சேருமிடத்தில், தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) உள்ள பகுதியில் தேடுங்கள். சென்சாரில் இரண்டு வயர் கப்ளர் (வயரை இணைக்கும் பிளக்) இருக்கும். ஏர் ஃபில்டர் குழாயில் இருப்பது காற்றின் வெப்பத்தை அளப்பது. பழைய வண்டிகளில் உள்ள ஒற்றை வயர் சென்சார் டேஷ்போர்டு முள்ளுக்கானது. அதை மாற்றி எந்தப் பலனும் இல்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஈசிஎம் தரும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஸ்கேனரில் அதற்கான கோளாறு எண் (கோடு) பி0118.

அடுத்து கப்ளரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். ஏறக்குறைய 5 வோல்ட் வந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் குற்றவாளி. வரவில்லையென்றால் வயரில் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். தடித்த மல்ட்டிமீட்டர் முனையை மட்டும் கப்ளருக்குள் குத்தவே குத்தாதீர்கள். உள்ளிருக்கும் பின் விரிந்து, இல்லாத லூஸ் கான்டாக்ட் புதிதாக வந்துவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி ஓம் அளவைப் பாருங்கள். பல கார்களில் 20 டிகிரியில் 2,200 முதல் 2,700 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் வரும். முனையை வெந்நீரில் பிடித்தால் எண் துள்ளாமல் சீராக இறங்க வேண்டும். இந்த அட்டவணையை வாங்குபவர் கையேட்டில் அச்சிட ஒரு பக்கம் போதும். அதை சர்வீஸ் மேனுவலுக்குள் பூட்டி வைப்பதால்தான் சோதிக்காமலேயே பாகம் மாற்றும் பழக்கம் வளர்கிறது.

ஒரு விதிவிலக்கை மறக்கவே கூடாது. கூலன்ட் குறைந்து சென்சாரின் முனை காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அது குறைவான வெப்பத்தையே காட்டும். வெளியே எடுத்துச் சோதித்தால் சென்சார் பாஸ் ஆகிவிடும். வண்டியில் மாட்டினால் பொய் சொல்லும். ஆகவே சென்சார் மாற்றியதும் கூலன்ட் ஊற்றி, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுத்து, இன்ஜின் ஆறியபின் மறுபடி கூலன்ட் அளவு பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து முனை மூடிக்கொள்ளும்.

“நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு?” என்று அதைக் கழற்றி எறிபவர்களிடம் வண்டியை விடாதீர்கள். வால்வு இல்லாத இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அப்போது வரும் கோளாறு எண் பி0128. அதற்குச் சென்சார் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.