பாஸ்பட்டேஸ் நொதியின் வேலை செல்லுக்குள் சிக்னலை 'ஆஃப்' செய்வது மட்டும்தானா?

நீங்கள் பி.எஸ்சி. படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைனேஸ் என்ற நொதி புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும், பாஸ்பட்டேஸ் கழற்றும், ஒட்டினால் ஆன், கழற்றினால் ஆஃப் என்று போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். அதை மறுத்து எழுதி இன்டர்னலில் இரண்டு மார்க் போனது, இன்னும் ஆறவில்லை.

கால்சிநியூரின் என்ற பாஸ்பட்டேஸைப் பாருங்கள். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லுக்குள் கால்சியம் ஏறினால் இது விழித்துக்கொண்டு, என்ஃபேட் என்ற புரதத்தில் இருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றும். கழற்றினால்தான் அது உட்கருவுக்குள் போய் டி செல்களைப் பெருக வைக்கும் இன்டர்லூக்கின்-2 மரபணுவைக் கிளப்பிவிடும். இங்கே கழற்றுவதுதான் ஆன்.

எனக்கு இது புரிந்தது வகுப்பில் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் அண்ணனுக்கு அம்மா கிட்னி கொடுத்தார்கள். அதற்கப்புறம், வைத்த கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, தினம் இரண்டு வேளை டாக்ரோலிமஸ் மாத்திரை. அந்த மருந்து எஃப்கேபிபி-12 என்ற புரதத்தோடு சேர்ந்து போய்க் கால்சிநியூரினை முடக்கும் (1991-இல்தான் இது தெரிய வந்தது), டி செல் அம்மாவின் கிட்னியை அந்நியன் என்று பார்த்தாலும் படை திரட்ட முடியாது.

ஒரு மாதம் அண்ணனுக்குக் கை நடுக்கம் கூடிப்போனது. பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் பட்டுவிடும், அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளரும். "லே மக்கா, மரமெல்லாம் நாசமாப் போவுதுலே" என்றான். ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறியிருந்தது. விசாரித்தால், வீட்டு மரத்துப் பம்ளிமாஸ்! குடலில் இந்த மருந்தை உடைக்கும் நொதியை அந்தப் பழம் தடுத்துவிடும், கிரேப்ஃப்ரூட் செய்யும் அதே வேலை. சும்மா பழம்தானே என்று மைனி தினமும் உரித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பெரும்பாலான சிக்னல்களில் பாஸ்பட்டேஸ் அணைக்கத்தான் செய்கிறது, அதையும் மறுக்கவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்று. மருந்தின் அளவைப் பார்க்கும் இந்த ரத்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரை போடும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை போட வேண்டிய அண்ணனை, டோக்கன் வரவில்லை என்று ஒரு லேபில் பத்தரை வரை உட்கார வைத்தார்கள். கேட்டால், "எல்லாருக்கும் ஒரே லைன்தான் சார்."