ரோயிங் மெஷினில் லீவரை ஒரே எண்ணில் வைத்தாலும் ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருப்பது ஏன்?

இதே குழப்பத்தில் ஒரு மாதம் ஓட்டியவன் நான். எங்கள் ஜிம்மில் இரண்டு கான்செப்ட்2 மெஷின்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் டேம்பரை (அந்த லீவருக்கு இதுதான் பெயர்) 5-இல்தான் வைப்பேன். ஜன்னலோரம் இருப்பதில் இழுக்க ஒழுங்காகப் பிடிமானம் கிடைக்கும். சுவரோரம் இருப்பதில் கைப்பிடி சும்மா கையோடு வரும். பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று டிரெய்னரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஒருநாள் மானிட்டரை நோண்டியபோது, 'மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' என்பது கண்ணில் பட்டது. அதை அழுத்திவிட்டு நாலைந்து தடவை இழுத்தால், உள்ளே சுழலும் சக்கரத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஓர் எண் வரும். ஜன்னலோர மெஷினில் 127. சுவரோர மெஷினில் 94!

விஷயம் இதுதான். 1 முதல் 10 வரை இருக்கும் அந்த லீவர், சக்கரக் கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை முடிவு செய்கிற கதவு மட்டுமே. காற்று அதிகம் நுழைந்தால், நீங்கள் முன்னால் நகரும் இடைவெளியில் சக்கரம் சீக்கிரம் வேகம் குறையும். அடுத்த இழுப்பில் அதை மறுபடி வேகமெடுக்க வைக்க வேண்டும். கை உணரும் கனம் அதுதான். ஆனால் கதவு திறந்திருந்தும் கூண்டின் வலை அடைத்திருந்தால் காற்று எப்படிப் போகும்? கூண்டைக் கழற்றி வாக்குவம் போட்டபோது சாம்பல் நிறப் பஞ்சு பட்டை பட்டையாக வந்தது. அப்புறம் அதே 5-இல் 125 காட்டியது. டிரெய்னரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

காற்றின் அடர்த்தியும் ஒரு காரணம். வெயில் ஏறினால் அடர்த்தி கொஞ்சம் குறையும்; மலை ஏறினால் நன்றாகவே குறையும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் காற்று சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. சென்னையில் 5-இல் கிடைக்கும் கனத்துக்கு அங்கே லீவரை இன்னும் ஏற்ற வேண்டும். (காற்றுக்குப் பதில் காந்தத்தால் சக்கரத்தைத் தடுக்கும் மெஷின்களுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது.)

இதனால் உங்கள் நேரக்கணக்கு கெடுமோ என்று பயப்பட வேண்டாம். சக்கரம் எப்படி வேகம் குறைகிறது என்பதை ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் மானிட்டர் அளந்து, அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே 10-இல் வைத்தால் கூடுதல் மார்க் எதுவும் கிடையாது. 500 மீட்டரை 2:30-இல் கடக்க சுமார் 104 வாட் போதும். 2:00-க்கு 203 வாட் வேண்டும். எந்த எண்ணில் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. லீவர் சைக்கிள் கியர் மாதிரி, அவ்வளவுதான். ஆனாலும் நேராக 10-க்குத் தள்ளிவிட்டு, பத்தாவது நிமிடம் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நான் டிராக் ஃபேக்டர் 115, 120 வருமாறு வைத்துக்கொள்கிறேன். அதற்கு லீவர் 4-இல் நிற்கிறதா 6-இல் நிற்கிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன். உங்கள் ஜிம்மில் லேசாக இருக்கும் மெஷினின் கூண்டுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு தெரிந்தால் ஜிம்காரரிடம் சொல்லிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.