டீ பிரேக்கில் புறா ஜோக்: கேள்வி பதில்

கணினித் துறைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம் பற்றி வந்த கேள்விகளுக்கு, சென்னையில் லினக்ஸ் (இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்), பைதான் (நிரல் மொழி) ஆர்வலர் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய்வரும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

முதல் வேலை, ஊரும் புதிது. லினக்ஸ் கூட்டத்துக்குப் போக ஆசை, ஆனால் நான் கூச்ச சுபாவம்.

அங்கே வருபவர்களில் பலர் உங்களைப் போலத்தான். சொந்த ஊர் எது, கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் பேச்சு ஆரம்பிக்காது. "என்ன டிஸ்ட்ரோ ஓட்டுறீங்க?", அதாவது லினக்ஸில் எந்த வகை என்றுதான் ஆரம்பிக்கும். வைஃபை எடுக்காத லேப்டாப் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. நாலு பேர் தானாகச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

உரை முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். தப்பா சார்?

தப்பில்லை, நஷ்டம். 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃப்ரெஞ்ச் வீட்டுக் கராஜில் கணினி ஆர்வலர்களின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் தொடங்கியது. பின்னாளில் அதை நடத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன், கூட்டத்திலேயே ஆளோடு ஆள் பேசிப் பழக நேரம் ஒதுக்கினார். முதலில் ஆளாளுக்கு எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று சொல்வார்கள். அப்புறம் வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசலாம். அந்த நேரத்துக்குப் பெயரே ராண்டம் ஆக்சஸ் (வரிசை பார்க்காமல் வேண்டிய இடத்துக்கு நேரே போவதைச் சொல்லும் கணினிச் சொல்). ஆப்பிள் 1 கணினியின் சுற்று வரைபடத்தை, ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான வாஸ்னியாக் இலவசமாகக் கொடுத்ததும் இந்தக் கூட்டத்தில்தான். அதனால் டீ குடித்துவிட்டே கிளம்புங்கள்.

ஆபீஸில் சீனியர்கள் புறா, 418 என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்களில், ஏப்ரல் 1 அன்று கேலி ஆவணங்களும் வருவதுண்டு. 1990இல் வந்த 1149ஆம் எண் ஆவணம் அப்படி ஒன்று: தகவல் பொட்டலங்களைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறை. நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் குழு 2001இல் நிஜமாகவே புறா விட்டுப் பார்த்தது. 9 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைத் தகவல்) போனது, 4 பதில் வந்தது. சீக்கிரம் வந்த பதிலுக்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல்! 418 என்பது, 1998இல் வந்த இன்னொரு கேலி ஆவணமான காபி பாத்திர நெறிமுறையில் உள்ள பிழை எண். டீ பாத்திரத்திடம் காபி கேட்டால் அது சொல்லும் பதில். சீனியர்களிடமே கேட்டிருக்கலாம். விளக்கச் சொன்னால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

கூட்டத்தில் சில சமயம் நான் ஒருத்திதான் பெண். எதைக் கேட்டாலும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

"அது தெரியும், அடுத்ததுக்கு வாங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டியது நடத்துபவர்கள்தான். நிரல் எழுதுவோர் கூடிக் கற்கும் இடமான நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டரில் பழகுவதற்கென்றே விதிகள் உண்டு. "இதுகூடத் தெரியாதா?" என்று வியந்து நடிக்கக் கூடாது. பேச்சுக்குத் தேவையில்லாத சின்னத் திருத்தம் சொல்லிக் குறுக்கிடக் கூடாது. நம் கூட்டங்களிலும் இதை முதல் ஸ்லைடாகப் போடலாம்.

டீம் பார்ட்டி என்றாலே மதுதான். குடிக்காதவன் என்ன செய்வது?

எலுமிச்சை ஜூஸோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள், யாரும் கணக்கு வைப்பதில்லை. மேலாளர்களுக்கு ஒன்று: ராத்திரி பார்ட்டிக்குப் பதில் மத்தியான பிரியாணி வையுங்கள். கைக்குழந்தைக்காரர்களும் வருவார்கள், கடைசி பஸ் கவலையும் இல்லை.