ஆறிய சாம்பார்

அன்புள்ள ஐயா,

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கம் கட்டுகிறது. கைச்செலவுக்கு அப்பா அனுப்புவதுதான்.

ரூமில் நாலு பேர். முதல் வருடம் முழுக்க அவர்களோடுதான் சுற்றினேன். சனிக்கிழமை பிரியாணி, பிறந்தநாள் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேக். என் பங்கை ஜிபேயில் போட்டுவிடுவேன். அதற்காகப் பல நாள் சாயங்கால டீயை விட்டிருக்கிறேன். அவர்கள் எதற்காவது சிரித்தால் புரியாவிட்டாலும் சிரிப்பேன். போன மாதம் ஊட்டி ட்ரிப், ஆளுக்கு 2,500 ரூபாய் என்றார்கள். வரவில்லை என்றேன். யாரும் சண்டை போடவில்லை. வாட்ஸப் குரூப் மட்டும் அமைதியாகிவிட்டது. நான் இல்லாத இன்னொரு குரூப் இருப்பது பிறகுதான் தெரிந்தது. மெஸ்ஸில் தனியாக உட்காரப் பயந்து, கூட்டம் கலைந்தபிறகு போய்ச் சாப்பிடுகிறேன். கடன் வாங்கியாவது ஊட்டிக்குப் போயிருக்க வேண்டுமோ?

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள மகளுக்கு,

வேண்டாம். ஊட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் அடுத்து கொடைக்கானல் வந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபிறகு சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. ஆறிய சாம்பார், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பொரியல், பெஞ்ச் துடைக்க வந்து நிற்கும் அக்கா. நானும் ஹாஸ்டலில் படித்தவன். ஆனால் நான் உங்கள் பக்கம் இருக்கவில்லை. செட்டோடு இருந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஸ்கூலை 'இஸ்கூல்' என்பான். அவனைப்போலப் பேசிக்காட்டுவது எங்கள் செட்டுக்குப் பொழுதுபோக்கு. அதில் நான்தான் கெட்டிக்காரன். காரணம், என் வீட்டிலும் இஸ்கூல்தான். ஒருநாள் பேசிக்காட்டிக்கொண்டே திரும்பினேன். அவன் பின்னால் நின்றிருந்தான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். 'புரியாவிட்டாலும் சிரிப்பேன்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த முகம்தான் வந்தது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் நிறுத்தியிருந்தால் அடுத்து என்னைத்தான் பேசிக்காட்டுவார்கள் என்று பயம். எங்கள் செட்டில் மற்றவர்களுக்கும் அப்படி ஏதோவொரு பயம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 1951இல் எழுதினார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் சொல்லிவைத்து வந்தவர்கள். எல்லோரும் கூசாமல் ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். அப்படி மாட்டிய மாணவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு ஒத்தூதினார்கள். தனித்துத் தெரிய விரும்பவில்லை என்று சிலர் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதே சோதனையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அறையில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்லவைத்தார்கள். ஒத்தூதுவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

அதனால் ரூமில் மூன்று பேரையும் திரும்பச் சம்பாதிக்கப் பார்க்காதீர்கள். ஒருத்தி போதும். 'வரவில்லை' என்றீர்களே, 'காசில்லை' என்றீர்களா? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் டீயை விட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். உங்களுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்றுகூட நினைத்திருக்கலாம். மூவரில் கொஞ்சம் இளகிய மனசுக்காரி யார் என்று உங்களுக்கே தெரியும். அவள் தனியாகத் துணி காயப்போடும்போது போய், அப்பா மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்பதைத் தொகையோடு சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வலிக்கும்தான். அப்போதும் கடைசிப் பந்தியில் உங்களைப்போல வேறு யார் சாப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பாருங்கள். இதுவரை தட்டை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

தூக்கம் வராமல், வகுப்புக்குப் போகவே முடியாமல் ஆனால் 14416க்கு ஃபோன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இன்று ராத்திரி மெஸ் திறந்ததும் போய்விடுங்கள். தோசை போடும் நாளென்றால் சூடாகக் கிடைக்கும்.