வெண்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் கத்தோலிக்கருக்குப் பாவமா?

அப்பா வெண்டிலேட்டரில் இருக்கிறார், இனி தேற வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், ஆனால் எடுக்கச் சம்மதித்தால் அது கொலை என்கிறார் அண்ணன். இதுதானே உங்கள் கேள்வி? நீங்கள் சொல்லும் நிலை அதுதான் என்றால், பாவம் இல்லை.

இது புதுச் சலுகையும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, மருத்துவர் கோழியும் கௌதாரியும் சாப்பிடச் சொன்னாலும் நோயாளி வழக்கமான உணவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவற்றைத் தின்றால் இன்னும் 20 ஆண்டு வாழ்வார் என்று உறுதியாகத் தெரிந்தாலும் கட்டாயமில்லையாம்! 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியபோது உயிர் காக்க வழக்கத்துக்கு மீறிய வழிகள் கட்டாயமில்லை என்ற இதே நியாயத்தைச் செயற்கைச் சுவாசத்துக்கும் பொருத்தினார்.

உங்கள் அண்ணனுக்குச் சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், 1975இல் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்து வெண்டிலேட்டரில் கிடந்தார். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். பங்குத்தந்தையிடம் கேட்டுத்தான் வெண்டிலேட்டரை எடுக்க முடிவெடுத்தார்கள். அவர்களுடைய ஆயரும் (பிஷப்) ஆதரித்தார். 1976இல் மாநில உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. கருவியை எடுத்தபின் கேரன் தானாகவே மூச்சுவிட்டார். 1985 வரை உயிரோடு இருந்தார். அத்தனை வருடமும் குழாய் வழி உணவை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் கேட்கவே இல்லை. மகள் சாகவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எதை வைத்து எடைபோடுவது? சிகிச்சையால் இந்த நோயாளிக்குக் கிடைக்கும் பலன், அதன் வேதனை, ஆபத்து, செலவு. ஆம், செலவும்தான். குடும்பத்தின் மீது தாங்கமுடியாத செலவைச் சுமத்த விரும்பாததும் நியாயமான காரணம் என்று வத்திக்கானின் 1980ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. நிலத்தை விற்று ஐசியூ பில் கட்டும் நம் ஊரில் இதை ஏன் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

குழாய் உணவு விஷயம் வேறு. உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் பொதுவாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2004இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 2007இல் வத்திக்கானும் சொல்லிவிட்டார்கள். சாகடிக்க ஊசி போடுவதற்கு எந்த நிலையிலும் இடமில்லை. வலிக்கு மருந்து கொடுக்கலாம். அதனால் ஆயுள் கொஞ்சம் குறையலாம் என்றாலும் தடையில்லை.

அப்புறம், நோயில்பூசுதலுக்கு, அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குக்கு, கடைசி நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே சாமியாரைக் கூப்பிடுங்கள். அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும். அவருடைய சந்தேகத்தை அங்கேயே கேட்டுவிடலாம்.